வெற்று எடை

எடைமேடையில் எனக்கு இது இருபத்தோராவது வருஷம்.
குலை சுமந்து வரும் லோரியை ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுப் போகையில் மறுமுறை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கணக்கு.
காலியானால்தான் தெரியும்
டயரில் ஒட்டிய சேறு உட்பட
லோரி எவ்வளவு என்று.

வெள்ளிக்கிழமை இரவுகளில்
சுங்காய் பாலாய் ராயாவில்
உலக அமைதிக்காக உட்காருகிறோம்.
ஏழு பேர். மழை என்றால் ஐந்து.
அப்பளசாமி காற்றாடியை நிறுத்துவார்,
அதன் கடகட தியானத்தைக் கெடுக்கிறதாம்.
நிறுத்தியதும் கொசு வரும்.
கொசுவை அடிக்கலாமா கூடாதா என்று
முதல் வாரமே வாக்குவாதம்;
அமைதிக்கு வந்தவர்களில் ஒருவர்
கோபித்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை.

கண்ணை மூடினால்
செய்தியில் பார்த்த நகரங்கள் வரும்.
என் வாயில் நுழையாத பெயர்கள்.
இடிந்த மாடிப்படியில் ஒரு பிள்ளை
ஒற்றைச் செருப்போடு நின்றது.
அந்தப் பிள்ளைக்காக அழுதேன்,
நிஜமாகவே அழுதேன்.
குண்டு போட்டவனைக்கூட ஒரு வாரம் மன்னித்தேன்.
அவன் எனக்குக் கடன் தரவேண்டியதில்லை.

சௌந்தரி இரண்டு நாற்காலி தள்ளி இருந்தாள்.

கூட்டுப் பணம். இரண்டாயிரத்து முந்நூறு ரிங்கிட்.
முதல் ஆளாய் எடுத்துக்கொண்டு
நான்கு மாதம் கட்டினாள், பிறகு
அவள் வீட்டு கேட்டில் பூட்டு.
மற்றவர்களுக்கு என் கைக்காசில் கொடுத்து முடித்தேன்.
ஆறு வருஷம்.
பாசார் மாலாமில் அவள் நிற்கும் வரிசையில்
நான் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியதில்லை.
அவள் மகனின் கல்யாணப் பத்திரிகையை
கேஸ் சிலிண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளி, கண்கள் மூடியிருக்க,
ரயில் நிற்காமல் போனது.
கண்ணாடி அதிர்ந்து அடங்கியபின்
எனக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.
மந்திரம் என்று நினைத்தேன்.
மூச்சு உள்ளே, இரண்டாயிரத்து.
மூச்சு வெளியே, முந்நூறு.
ஆறு வருஷமாய் நான் ஜபித்தது இதைத்தானா?

எங்கோ ஒரு எல்லைக்கோட்டில்
துப்பாக்கியைத் துடைப்பவனும்
இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பான்,
இத்தனை பேர், இந்த வருஷம், இந்த ஊர் என்று.
அவனுடைய எண் பெரியது.
ராகம் ஒன்றுதான்.

ஒளி ஒன்றும் தெரியவில்லை.
முதுகு வலித்தது, கொசு கடித்தது.
சுமையோடு மட்டுமே என்னை நிறுத்துப் பழகிவிட்டேன்,
கொட்டிய பின் நான் எத்தனை கிலோ என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.
அவ்வளவுதான் தோன்றியது.

எழுந்தபோது மழை.
சௌந்தரி பிளாஸ்டிக் பையைத் தலையில்
கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.
என் மோட்டாரில் இரண்டாவது ஹெல்மெட் தொங்கியது.
முன்பெல்லாம் அவள்தான் அதைப் போடுவாள்.
"ஏறு" என்றேன்.
குரலில் அன்பு வரவில்லை,
கோழியை விரட்டுகிற மாதிரி வந்தது.
ஏறினாள்.

ஆலையின் புளித்த வாடை வழியெல்லாம் கூடவே வந்தது.
நாங்கள் பேசவில்லை.
பள்ளத்தில் வண்டி குதித்தபோது
என் தோளைப் பிடித்தாள், சட்டென எடுத்தாள்.
அடுத்த பள்ளத்தில் எடுக்கவில்லை.

பணம் இன்னும் வரவில்லை.
ஒருநாள் கேட்பேன்.
கேட்பது வேறு, நிறுத்துக்கொண்டே இருப்பது வேறு.
கணக்கு நோட்டைக் கிழித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து
ஐஸ்பெட்டி மேல் வைத்திருக்கிறேன்.

எட்டு மணிச் செய்தியில்
அதே நகரம், அதே புகை.
சுங்காயைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.
சத்தத்தைக் குறைக்காமல் கடைசிவரை பார்த்தேன்.
அந்தப் பிள்ளை எந்த ஊரில் தூங்குகிறதோ.

இந்த வெள்ளி என் பக்கத்து நாற்காலியில்
யாரையும் பை வைக்க விடமாட்டேன்.
சௌந்தரி ஏழேகாலுக்குத்தான் வருவாள்.